மைனா சொன்ன காலடி

குளத்தங்கரைக் காட்டில் முயல்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே முக்கியமான பாடம் காலடிப் பாடம். குட்டிகள் கண்ணை மூடி, தாடையைத் தரையில் பதித்துப் படுக்க வேண்டும். மண் லேசாக அதிரும். வருவது மாடா, காட்டுப்பூனையா, நரியா என்று சொல்ல வேண்டும். லேசில் வராத பாடம் அது. தாடை தேய்ந்து, மூக்கில் மண் ஏறி, பல நாள் தப்பாகச் சொல்லி, ஒருநாள் சட்டென்று பிடிபடும்.

மருதி என்ற தாய் முயலுக்கு அது பிடிபடும் முன்பே படிப்பு நின்றுபோனது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் ஒரு சருகு உருண்டால் புதருக்குள் ஓடுவாள். ‘சருகுக்காரி’ என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். தன் ஒரே மகள் தும்பையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும் என்பதே அவள் ஆசை, கவலை, எல்லாம்.

ஒருநாள் நரி ஒரு மைனாக் கூட்டத்தோடு பள்ளிக்கு வந்தது.

“இனிமே எந்தப் பிள்ளையும் மண்ணுல மூக்கைத் தேய்க்க வேணாம்! ஆளுக்கொரு மைனா! தலையில உட்கார்ந்துக்கும். யாரு வர்றாங்கன்னு பார்த்துக் காதுல சொல்லிடும்!”

தலைமை ஆசிரியரான மயில் தோகையை விரித்துவிட்டது. “ஆகா! நம்ம பள்ளிக்கூடத்தோட பேரு எங்கேயோ போயிடும்!”

“இதுல உங்களுக்கு என்ன லாபம், நரியண்ணே?” என்று மருதி மெல்லக் கேட்டாள்.

“பிள்ளைங்க நல்லா வளரணும். எனக்கு வேற என்னம்மா வேணும்?”

குட்டிகளுக்கு ஒரே கொண்டாட்டம். தும்பை துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “அம்மா! இன்னிக்கு எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன்!”

“எங்கே, தாடையை வை. இப்ப யாரு வர்றா, சொல்லு பார்ப்போம்.”

தும்பை படுத்தாள். மண் அதிர்ந்தது. அவள் கை தன்னால் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தது. தலை காலியாக இருந்தது.

“மைனா கூட்டுல அடைஞ்சுபோச்சேம்மா. நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் விடிந்ததும் மருதி பள்ளிக்கு ஓடினாள். அங்கே ஒரு நாரை நின்றிருந்தது. மைனா வந்த பிறகு படிப்பு எப்படி இருக்கிறது என்று ஆராய வந்த பெரிய படிப்பாளி. மயில் ஒரு கன்றுக்குட்டியை நடக்கவிட்டது. “மாடு!” என்று எல்லாக் குட்டிகளும் ஒரே குரலில் கத்தின. நாரை சேற்றில் அலகால் கோடு போட்டுக்கொண்டது.

“சார், ஒரே ஒரு தடவை மைனாவை இறக்கிவிட்டுட்டுக் கேளுங்களேன்” என்றாள் மருதி.

“மைனாவோட படிச்ச பிள்ளைங்களை மைனா இல்லாம சோதிக்கிறது நியாயமாம்மா?”

“காட்டுப்பூனை நியாயம் பார்த்தா சார் வரும்? நாம மேயறதே அந்தியில. மைனா அதுக்கு முன்னாடியே அடைஞ்சுடுதே!”

“நல்ல கேள்வி!” என்று வேலிக்கு அப்பாலிருந்து நரி குரல் கொடுத்தது. “அதுக்கும் ஏற்பாடு ஆயிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க.”

நாரை கழுத்தை வளைத்து மருதியைப் பார்த்தது. “நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?”

“பாதிதான் சார்.”

“சருகுக்காரிக்கு மைனாவைப் பார்த்தாலும் பயம்!” என்றது சோதனையைப் பார்க்க வந்திருந்த ஒரு தகப்பன் முயல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தும்பை காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். “மானத்தை வாங்காதேம்மா. வீட்டுக்குப் போ.”

மருதி போய்விட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று மாலையே மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தானும் படுத்தாள்.

“அதிருதா?”

“அதிருது. யாரும்மா அது?”

“அது எனக்குத் தெரியாதுடி. யாரா இருந்தா என்ன, ஓடிடு.”

“உனக்கே தெரியல! நீ எனக்குச் சொல்லித் தர வந்துட்டே!” என்று தும்பை விழுந்து விழுந்து சிரித்தாள். மருதியும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

மழைக்குப் பிறகு குளத்தின் மறுகரையில் இளம்புல் முளைத்தது. ஒரு அந்தியில் எல்லா முயல்களும் அங்கே மேயப் போயின. மருதியின் காலடியில் மண் அதிர்ந்தது. வழக்கம்போல் அவள் புதருக்குள் பாய்ந்தாள்.

“தும்பை! ஓடி வாடி!”

“சருகும்மா!” என்று தும்பை கத்தினாள். கூட இருந்த குட்டிகள் கெக்கலித்தன.

மண் மறுபடி அதிர்ந்தது. இப்போது தும்பைக்கும் தெரிந்தது. அவள் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். மைனாக்கள் இறகுக்குள் அலகைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

மருதி புதரை விட்டு வெளியே வந்தபோது புல் மடங்கிக் கிடந்தது. தும்பையைக் காணோம். இன்னும் சில குட்டிகளையும் காணோம்.

காலையில் பள்ளியில் சோதனை தொடர்ந்தது. மிச்சமிருந்த குட்டிகள் தலையில் மைனாக்களோடு வரிசையாகப் படுத்திருந்தன. கன்றுக்குட்டி நடந்தது. “மாடு!” என்று எல்லாம் கத்தின.

“நூற்றுக்கு நூறு!” என்றது நாரை.

“என் மக எங்கே சார்?” என்று மருதி முன்னால் வந்தாள். “அவளையும் சேர்த்துச் சொல்லுங்க. நரி தின்னுடுச்சு சார் அவளை!”

“நீங்க பார்த்தீங்களா?”

“நான்... புதருக்குள்ள இருந்தேன் சார்.”

நாரை நிதானமாகச் சொன்னது: “வந்த பிள்ளைங்களை மட்டும்தாம்மா கணக்குல எடுப்போம். வராத பிள்ளைங்களைச் சேர்த்தா முடிவு கெட்டுப்போகும்.”

மயில் தொண்டையைச் செருமியது. “பெற்றோர்களே, கவலைப்படாதீங்க! அந்தி நேரத்துக்குன்னு இனி ஆளுக்கொரு ஆந்தை! நரியண்ணன் ஏற்பாடு பண்ணிட்டார்!”

ஆந்தை முயல்குட்டியைத் தின்னும் என்பது அங்கே யாருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் முதலில் ஒரு முயல் கைதட்டியது. பிறகு எல்லா முயல்களும் கைதட்டின. அன்று மருதியைக் கேலி செய்த தகப்பன் முயல்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியது.

மருதி வரிசையின் கடைசிக்குப் போனாள். தும்பை படுக்கும் இடம் காலியாக இருந்தது. அங்கே தாடையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடினாள். மண் அதிர்ந்தது. அது யாருடைய காலடி என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை அவள் ஓடவும் இல்லை.

துணை இல்லாத நேரத்தில் எது கைகொடுக்கிறதோ அதுவே பிள்ளை கற்ற கல்வி; அதை அளந்து பார்க்காமல் போடும் மதிப்பெண் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது.