அந்தரத்தில் நின்ற கொம்பையா

தென்காசிக்குக் கிழக்கே ஊசிமேடு என்று ஓர் ஊர். குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். சினிமாவைப் பற்றிய கருத்துக்கு மட்டும் அங்கே பஞ்சமே கிடையாது. மாடக்கண்ணு டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு எந்தப் படமும் உயிரோடு தப்பாது.

மூன்று பேரில் தளவாய் கொத்தனார். உச்சிமாகாளி கம்ப்யூட்டர் வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன். மூன்றாவது ஆள்தான் நம்ம கொம்பையா. மாமன் மகள் இசக்கியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர, வேறு எதையும் அவன் மனதார வேலை என்று எடுத்துக்கொண்டதில்லை. கூட்டுறவு வங்கியில் உத்தியோகம் பார்க்கும் பெண், இந்த மக்கு மாக்கானைத்தான் கட்டுவேன் என்று ஏன் நின்றாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

ஒருநாள் மூவரும் பெஞ்சில் ஒரு புதுப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, இசக்கியின் அப்பா வைகுண்டம் அந்தப் பக்கமாக வந்தார். கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர். கொஞ்சநேரம் நின்று கேட்டார்.

"ஏல மருமவனே, வாய் கிழியப் பேசுதியே, நீ ஒரு படம் எடுத்துக் காட்டேன். நான் இந்த வயசு வரைக்கும் எந்தப் படத்தையும் முழுசாப் பாத்தது கிடையாது. பாதியில எந்திரிச்சு வந்துருவேன். நீ எடுக்குத படத்த நான் இருந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காமப் பாத்தா, இசக்கி உனக்கு. எந்திரிச்சிட்டேன்னா அவளுக்கு வேற மாப்பிள்ள பாப்பேன். சரியா?"

 கொம்பையா சரி என்று சொல்லிவிட்டான்.

அன்றே ஆலோசனை தொடங்கியது. "சனம் ஏன் பாதியில எந்திரிச்சுப் போவுது?" என்று கேட்டான் உச்சிமாகாளி.

"முதல் பாதி நல்லாத்தான் இருக்கும். ரெண்டாம் பாதிதான் இழுவை. எந்தப் படத்த வேணாலும் எடுத்துக்கோ" என்றான் தளவாய்.

"அப்ப கோளாறு எங்க இருக்கு?"

"ரெண்டாம் பாதியில."

 கொம்பையா மெதுவாகச் சொன்னான், "அப்ப ரெண்டாம் பாதிய எடுக்காம விட்ருவோமா?"

இத்தனை பேர் இத்தனை வருசமாகப் படம் எடுக்கிறார்களே, ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லையே என்று தளவாய்க்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

கேமராவுக்குச் சுரண்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஜெபராஜ் அண்ணாச்சியிடம் போனார்கள். அவர் நல்ல மனுசன். கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, கேமரா கொஞ்சங்கூட ஆடக் கூடாது. ஆடுனா பாக்குதவனுக்குத் தலை சுத்தும், எந்திரிச்சுப் போயிருவான்."

எந்திரிச்சுப் போயிருவான் என்ற சொல் கொம்பையாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.  ஊருக்கு வந்ததும் தளவாய் பஞ்சாயத்துக் கிணற்றுக்கு எதிரே மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கேமரா ஸ்டாண்டின் மூன்று காலையும் இறக்கி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டான். கேமராவையும் விடவில்லை, கழுத்துவரை பூசிவிட்டான். அதற்குப் பிறகு அது ஆடவே இல்லை. திரும்பவும் இல்லை.

அதனால் கதைதான் கேமராவுக்கு முன்னால் வரவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி கட்டிலைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார்கள். கோர்ட்டுக் கூண்டும் கிணற்றடிக்கு வந்தது. மினி பஸ் டிரைவர் கையைக் காலைப் பிடித்ததில் பஸ்ஸும் வந்து நின்றது. காஷ்மீரில் ஒரு பாட்டு. அதிலும் பின்னால் அதே கிணறு.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் கொம்பையா, வில்லனிடமிருந்து தப்பிக்கக் கிணற்றை ஒரே தாவாகத் தாண்ட வேண்டும். ஓடிவந்தான், தாவினான். கிணற்றின் நடுவுக்கு மேலே அவன் இருக்கும்போது உச்சிமாகாளி கத்தினான்.

"தளவாயி, நிறுத்து! கீழ விழுதது ரெண்டாம் பாதி!"

தளவாய் கேமராவை நிறுத்திவிட்டான். கொம்பையாவால்தான் நிறுத்த முடியவில்லை. நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர்தான். கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

அடுத்து எடிட்டிங். அதற்கான சாஃப்ட்வேரைத் திறந்ததும் அது ஒரு நிபந்தனைப் பட்டியலைக் காட்டி, 'முழுவதும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் அமுக்கச் சொன்னது. உலகமே கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற இடம். இவர்கள் அமுக்குவார்களா? படிக்காமல் படித்தேன் என்று எப்படிச் சொல்வது? அறுபத்து நான்கு பக்கத்தையும் உச்சிமாகாளி உரக்க வாசிக்க, மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கேட்டார்கள். ஐம்பத்தோராவது பக்கத்தில் வண்டி நின்றது.

"'இதைப் பயன்படுத்தி ஏவுகணை தயாரிக்க மாட்டேன்'னு போட்ருக்குல."

"நம்ம பாட்டுல தீபாவளி ராக்கெட் ஒண்ணு பறக்கே" என்றான் தளவாய்.

"அது சின்ன ராக்கெட்தானே?"

"ஏவுனியா, இல்லையா?"

"ஏவுனேன்" என்று ஒப்புக்கொண்டான் கொம்பையா.

பாட்டையே வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மூவரும் ஒரே விரலாகச் சேர்ந்து அமுக்கினார்கள்.

முதல் பாதி எல்லாப் படத்திலும் எப்படி முடியுமோ அப்படியே முடித்தார்கள். கொம்பையா அந்தரத்தில் கைகால் விரித்து நிற்க, அவன் வயிற்றுக்குக் குறுக்கே 'இடைவேளை' என்று எழுத்து.

மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். முதல் வரிசையில் வைகுண்டம். கொம்பையா திரையைப் பார்க்கவே இல்லை, மாமாவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அசையவில்லை. நாற்பதாவது நிமிடம் 'இடைவேளை' விழுந்தது. சனமெல்லாம் முறுக்கு வாங்கப் போயிற்று. மாமா எழுந்திருக்கவில்லை.

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, படம் முடிஞ்சிட்டு."

"யாரைல ஏமாத்துத? முடிஞ்சா 'வணக்கம்' போடணும். இடைவேளைன்னுல்லா போட்ருக்கு. அந்தப் பய கிணத்துல விழுந்தானா, தாண்டுனானா? அதத் தெரியாம நான் எந்திரிக்கப் போறதில்ல."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு படம் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. இரண்டாம் பாதி கிடையாது என்று சொன்னால் கோபத்தில் எழுந்துவிடுவார், எழுந்தால் இசக்கி போய்விடுவாள். எனவே மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரையும் அப்படியே நின்றது.

மறுநாளும் அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு நாற்காலிக்கே வந்தது. மற்றதைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் வங்கிக்குப் புறப்பட்ட இசக்கி மண்டபத்துக்குள் வந்து, நேரே அப்பா முன்னால் நின்றாள்.

"யப்பா, உங்க மருமவன் எடுத்த படத்த இதுவரைக்கும் எந்திரிக்காமத்தான பாத்திய?"

"பாத்தேன். கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."

"அப்ப சொன்ன சொல்லு?"

"சொன்னது சொன்னதுதான். நாளைக்கே முகூர்த்தத்த வையுங்க. திரைய மறைக்காமக் கட்டணும், அவ்வளவுதான்."

அப்படியே நடந்தது. மணமேடையை ஓரமாகத் தள்ளிப்போட்டு, மேளக்காரர்களைக் குனிந்து போகச்சொல்லி, மாமாவுக்கு மறைக்காமல் கொம்பையா தாலி கட்டினான். அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை. மூன்றாவது முடிச்சுப் போடும்போது உச்சிமாகாளி பின்னாலிருந்து குனிந்து அவன் காதில் கேட்டான்.

"மாப்ள, நீ இன்னும் அந்தரத்துலதான நிக்க. பொழைச்சிருவியா?"

கொம்பையா கழுத்தில் மாலையோடு திரையை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கும் கவலையாகத்தான் இருந்தது.

"எனக்கு மட்டும் எப்படில தெரியும்? பேசாம உக்காரு. ரெண்டாம் பாதி போடட்டும்."