தோள் வரை

"திங்கட்கிழமை என் வேலை போயிரும் மேடம்" என்றார் இளம்பரிதி.

வேதியியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பில் ஓடுகிற பிழைப்பு.

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அவர்கள் போய் நிற்கிற இடம் கணிதத் துறை ரெஜினா மேடத்தின் அறைதான். மேடம் அதிகம் பேச மாட்டார். அன்றும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர், நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

இளம்பரிதி உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார். இணையப் பாடத்தளத்தில் ஆசிரியர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விதிகள் வந்திருக்கின்றன. வாரந்தோறும் பாடம் ஏற்ற வேண்டும். மாணவர் கேள்விக்கு மறுநாளுக்குள் பதில் போட வேண்டும். மதிப்பெண் தள்ளிப்போகக் கூடாது. திங்களன்று ஆய்வுக்குழு வந்து ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து பார்க்கும். குறை இருந்தால் நீட்டிப்பு கிடையாது.

"நீங்க எதை ஏத்தல?"

"எல்லாத்தையும் ஏத்திட்டேன் மேடம். சோத்துல கை வச்சிட்டுக்கூடத் திறந்து பார்க்கிறேன். எல்லாம் இருக்கு."

"அப்புறம் எதுக்குப் பயம்?"

அந்தத் தளத்துக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள், பாதி மண்டையில் ஏறவில்லை என்று முணுமுணுத்தார்.

"புரிஞ்சுதான்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க. கையத் தூக்கிட்டேன்."

எப்படித் தூக்கினார் என்று கை தானாகவே செய்து காட்டியது. தோள் வரை போய் நின்றுவிட்டது.

மேடம் ஒரு சுளையை நீட்டினார். பசங்க பாடத்தைப் பார்க்கிறார்களா என்று விசாரித்தார்.

எங்கே, என்று சலித்துக்கொண்டார் இளம்பரிதி. ஒரு மாதமாக ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்த்த தடயம் இல்லை. இத்தனைக்கும் முதல் வகுப்பிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: எல்லாம் தளத்தில் இருக்கும், அது இல்லை இது இல்லை என்று எவரும் என் முன்னால் வந்து நிற்கக் கூடாது.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"உள்ள போங்க. வாத்தியாரா இல்ல, மாணவரா."

அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு பொத்தான்: மாணவர் பார்வை. அழுத்தினார்.

வெள்ளைத் திரை. நடுவில் ஒரே வரி.

இந்தப் பாடம் இன்னும் வெளியிடப்படவில்லை.

ஏற்றியதெல்லாம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசியில் 'வெளியிடு' என்பதை அழுத்த வேண்டும். அவர் அழுத்தவே இல்லை.

அவசரமாக அந்தப் பொத்தானைத் தேடினார்.

மேடம் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருங்க. முதல்ல வகுப்புக்குப் போய் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. பாடத்தையெல்லாம் பார்த்தாச்சான்னு."

"பார்த்திருக்கவே முடியாதே மேடம்."

"கேளுங்க."

இளம்பரிதி உள்ளே நுழைந்ததும் வகுப்பு கப்சிப் என்று அடங்கியது. எப்போதும் அப்படித்தான் அடங்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"தளத்துல போட்ட பாடமெல்லாம் எல்லாரும் பார்த்தாச்சா?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் குனிந்துகொண்டாள். பிறகு முதல் கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. வரிசை வரிசையாக, கடைசி பெஞ்சு வரை, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் எழுந்தன.

தோள் வரை.