டீ வரும்வரை

ஆசிரியைக்கு வயது முப்பத்து நான்கு. நாடகம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு ஐம்பத்தொன்று. இவள் அவளை டீச்சர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள். வேடசந்தூர் நாடகக் குழுவில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

ஆசிரியையின் பெயர் ரெஜினா. மற்றவள் வசுமதி.

குழுவுக்குச் சொந்தமாக இடம் கிடையாது. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாமல் மண்டபம் சும்மா கிடக்கும். அப்போது ஒரு சனிக்கிழமை மண்டபக்காரர் கதவைத் திறந்துவிடுவார். உள்ளூரில் யாராவது எழுதிய நாடகத்தை அங்கே வாசிப்பார்கள். வேஷம் இல்லை, திரை இல்லை. மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாளைப் பார்த்து ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்பார்கள்.

அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. வசனங்களை மற்றவர்கள் வாசிப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளை எழுதியவரே வாசிக்க வேண்டும். இது ஒன்று. வாசிப்பு முடிந்ததும் வந்தவர்கள் கருத்துச் சொல்வார்கள். டீ வரும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இது இன்னொன்று.

இந்த ஆண்டு வசுமதி எழுதிய நாடகம்.

நாடகத்தில் ஓர் அக்கா, ஒரு தங்கை. அம்மா அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் தங்கைக்கு அக்கா தகவல் சொல்லவில்லை. அம்மா இறந்த பிறகுதான் போன் வருகிறது. தங்கை ஓடி வருகிறாள். "எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்கிறாள். அக்கா பேசவில்லை. நாடகம் முடிகிறது.

தங்கைக்குக் கோமு என்று பெயர் வைத்திருந்தாள். கோமு என்பது வசுமதிதான். குழுவில் ரெஜினாவுக்கு மட்டும் அது தெரியும்.

ஒத்திகை முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் வசுமதி கேட்டாள்.

"டீச்சர், கடைசிக் காட்சியை எடுத்துறவா?"

"ஏன்க்கா?"

"எங்கக்கா வர்றா. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அழைப்பைப் போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டாங்க. ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேன். அவ மட்டும் 'வர்றேன்'னு போட்டிருக்கா."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? ரெண்டு வருசமா விசேஷத்துல பார்த்தா 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுக்கிறோம், அவ்வளவுதான். இதைக் கேட்டான்னா அதுவும் போயிரும். அம்மாவுக்கு அப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்."

"எழுதினது பொய்யா?"

"இல்ல டீச்சர். நடந்ததைத்தான் எழுதினேன்."

"கடைசிக் குறிப்பை வாசிங்க."

வசுமதி தாளைப் புரட்டி வாசித்தாள். "அக்கா பேசவில்லை. தங்கை பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள்."

"எவ்வளவு நேரம் பேசல?"

"புரியல டீச்சர்."

"அக்கா பேசல. தங்கச்சி பையை எடுக்கிறா. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"அதை நான் எழுதலியே."

"அங்க இருந்தது நீங்கதானே."

சொல்லிவிட்டு ரெஜினா நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள்.

காட்சியை எடுக்கலாமா கூடாதா என்று கேட்டதற்கு இது எப்படிப் பதிலாகும் என்று வசுமதிக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, 'அக்கா சிறிது நேரம் பேசவில்லை' என்று எழுதினாள். அடித்தாள். 'நீண்ட நேரம் பேசவில்லை' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்து, "எனக்கு ஏன் சொல்லல?" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எதை?" என்றார் கூடத்திலிருந்து கணவர், உடனே.

"உங்களை இல்ல."

"அப்ப யாரை?"

அவள் அடுப்பைச் சிறிதாக வைத்தாள்.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் முன்வரிசைகள் நிறைந்தன. அக்கா பாத்திரத்தை வாசிக்கும் ஜெபராணி தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள்.

"வசுக்கா, கடைசியில எனக்கு ஒரு வசனம்கூட வைக்கல நீங்க. பேசாம இறங்கிப் போய் டீக்குச் சொல்லிட்டு வந்துறவா?"

"நீ சும்மா உட்காரு தாயி."

அக்கா சுலோச்சனா வந்தாள். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ம். நீ?"

"ம்."

மூன்றாவது வரிசையில் போய், முருங்கைக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வசுமதி ரெஜினாவிடம் ஓடினாள். "டீச்சர், அது எவ்வளவு நேரம்னு நீங்களே சொல்லிருங்க. அவ்வளவு நேரம் நிறுத்தி வாசிச்சிடுறேன்."

"உங்களுக்குத் தெரியிறப்ப அடுத்த வரியை வாசிங்க."

"தெரியலைன்னா?"

ரெஜினா விளக்கைப் போடப் போனாள்.

வாசிப்பு நன்றாகவே போனது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அம்மா இறந்த இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வசுமதி மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் குறிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தாள்.

கோமுவாக வாசித்த பெண் கடைசி வசனத்தைச் சொன்னாள். "எனக்கு ஏன் சொல்லல?"

வசுமதி வாசித்தாள். "அக்கா பேசவில்லை."

அடுத்த வரி கண்ணெதிரே இருந்தது. எப்போது வாசிப்பது என்று தெரியவில்லை. ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி கடகடத்தது. வசனம் இல்லாத ஜெபராணி மெல்லத் தலையை நிமிர்த்தி வசுமதியைப் பார்த்தாள்.

பையை எடுத்துக்கொண்டு என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பையைக் கீழே வைத்தோமா? வசுமதிக்கு அது ஞாபகம் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியது ஞாபகம் வந்தது. கேட்டது ஞாபகம் வந்தது. பையை வைத்தது மட்டும் வரவேயில்லை.

மூன்றாவது வரிசையில் முருங்கைக்காய்க் கட்டு சரசரத்தது. வசுமதி பயந்துபோய் வேகமாக வாசித்தாள். "தங்கை பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள்."

கை தட்டினார்கள். வழக்கப்படி அவளை மேடையில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஓய்வுபெற்ற தாசில்தார் நாச்சிமுத்து முதலில் எழுந்தார். எந்த ஆண்டும் அவர்தான் முதலில் எழுவார். "அந்த அக்காக்காரி சரியான அழுத்தக்காரி. வீட்டை எழுதி வாங்கியிருப்பா, அதான் வாயைத் திறக்கல."

சிரிப்பு எழுந்தது. எங்களுக்குச் சொந்த வீடே கிடையாது என்று சொல்ல வசுமதிக்கு நாக்கு துடித்தது. சொல்ல முடியாது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "தங்கச்சி மட்டும் என்னவாம்? ஒரு பஸ் தூரம். கூப்பிட்டாத்தான் வருவாளா? பெத்த அம்மாவைப் பார்க்க வெத்தலை பாக்கு வைக்கணுமா?"

வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று வசுமதி பாதி எழுந்தாள். அது நாடகத்தில் இல்லை. உட்கார்ந்தாள். போனில் கேட்டபோதெல்லாம் நல்லா இருக்காங்கன்னுதானே அக்கா சொன்னாள் என்பதையும் எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

டீ எங்கே என்று வாசலைப் பார்த்தாள். மண்டபத்துச் சமையல்காரர் பெரிய டீ கேனைத் தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். இஞ்சி வாசனை வந்தது. வசுமதிக்கு மூச்சு வந்தது.

அப்போது சுலோச்சனா எழுந்தாள்.

"நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து வர்றேன். அந்த அக்காவைப் பத்தி ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க," என்றாள் ரெஜினா.

"அந்த அம்மாவுக்கு நெனப்பு தப்பிருச்சு. நாடகத்துல அது வரல. எழுதினவங்களுக்குத் தெரியாது." அவள் மேடையைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கட்டை இப்போது மார்போடு பிடித்திருந்தாள். "கஞ்சி ஊத்துறவ யாரு, துணி மாத்துறவ யாருன்னு அம்மாவுக்குத் தெரியல. ஒரு நாள் பெரியவளைப் பார்த்து, 'வசு, வந்துட்டியாடி'ன்னு கேட்டா."

"கோமுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "நாடகத்துல அவங்க பேரு கோமு."

"ஆமாங்க. கோமு."

முருங்கைக்காய்க் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் கோமு இல்லம்மான்னு பெரியவ சொல்லிப் பார்த்தா. அம்மா அழுதா. வாயைத் திறக்கல, கஞ்சி அப்படியே கெடந்துச்சு. மறுநாள், 'ஆமாம்மா, வந்துட்டேன்'னு சொன்னா. மடமடன்னு குடிச்சிட்டா. அதுக்கப்புறம் அவ கோமுவாவே இருந்தா. கோமு தொணதொணன்னு பேசுவாள்ல, அந்த மாதிரியே பேசினா. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் அம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கோமு, பெரியவ எங்கடி, எட்டியே பார்க்க மாட்டேங்கிறாளே'ன்னு கேட்டா."

ஜெபராணி, தாளை மடியில் போட்டுவிட்டு, "அதுக்கு அக்கா என்ன சொன்னா?" என்றாள்.

"வருவாம்மான்னு சொன்னா."

ஜெபராணி தாளைத் திரும்ப எடுக்கவில்லை.

"நெசமான கோமு வந்து கட்டில்கிட்ட நின்னா, அப்புறம் இவ யாரு? ஒருத்தியுமில்ல. அதான் சொல்லி அனுப்பல. தப்புதான். தப்புன்னு அவளுக்கும் தெரியும்."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கற்பனைம்மா. இதை எழுதினவங்க சேர்த்துக்கிட்டா நாடகம் எங்கேயோ போயிரும்."

சிலர் கை தட்டினார்கள். சுலோச்சனா உட்காரவில்லை.

வசுமதி அக்காவையே பார்த்தாள். இது நடந்ததா? நாலு பேர் முன்னால் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு ஒரு கதை சொல்கிறாளா? கதை என்றால் என் பெயர் ஏன் வந்தது? அம்மா கடைசியில் என்னைத்தான் தேடினாள் என்று சந்தோஷப்படுவதா? என்னை மட்டும் தேடினாளே என்று அக்காவுக்காக அழுவதா? கோபப்பட வேண்டிய இடம் எங்கேயோ இருந்தது. தேடினால் கிடைக்கவில்லை.

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலிக்கு அடியில் இருந்த கைப்பை எப்படியோ தோளுக்கு வந்திருந்தது.

"டீச்சர்," என்றாள். "டீ வந்துருச்சு. நான் பேசணும்."

ரெஜினா மேசை அருகே போனாள். கேனிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வசுமதியின் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், எதையோ சொல்ல வாயெடுத்து நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

கேனின் மூடியை எடுத்து மூடினாள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"டீ இன்னும் வரலைக்கா."