தெய்வானையின் சிறு லைப்ரரி

"இதைக் கொடுத்துடலாமா, சார்?" என்று கேட்டாள் தெய்வானை. விடிந்ததிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹமீது அவளைவிட இளையவர். நாற்பதைத் தாண்டி, சி என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு அவர்தான் ஆசிரியர்.

"எதுக்கு இவ்வளவு பயம், அக்கா?"

அவள் அந்த மொழியில் எழுதியிருந்தது ஒரு சிறு லைப்ரரி, அதாவது கணினிக் கட்டளைகளின் தொகுப்பு. ஒரு பட்டியல், ஒரு வரிசை, எழுத்துகளைக் கோத்து வைக்க ஒரு பகுதி. எந்தப் புரோகிராமும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

அன்று பிற்பகல் அது ஒரு இன்குபேட்டருக்குள் போவதாக இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு காக்கும் பெட்டி அது.

"ஒரு கைக்குள்ள அடங்கிடும் சார், அந்தக் குழந்தைங்க. பார்த்துட்டு வந்ததுலேருந்து சோறு இறங்கல."

"சோதிச்சீங்களா?"

"இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." திரையில் வரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அந்தப் பெட்டியில இருக்கிறது ரொம்பச் சின்னக் கம்ப்யூட்டர். லைப்ரரி மெமரி கேட்டு, கிடைக்கலேன்னா?"

அன்றைக்கு முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

"அதுல பயமே இல்ல. கிடைக்காத அந்த நிமிஷமே, லைப்ரரி பெட்டியை ஓட்டுற மொத்தப் புரோகிராமையும் நிறுத்திடும்."

"ஒரு வரிக் குறிப்பு எழுதி வைக்க இடம் இல்லேன்னாகூடவா?"

"அப்பவும்தான். அரைகுறை எனக்குப் பிடிக்காது."

ஹமீது தலையாட்டினார்.

"டீ குடிப்போம்" என்று எழுந்தார்.

மூலையிலிருந்த அடுப்பில் பாலை ஏற்றினார். சர்க்கரை டப்பாவைத் திறந்தார். காலி.

டப்பாவை மூடினார். அடுப்பை அணைத்தார். சுவரோரம் போய், கட்டடத்துக்கே பொதுவான மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டார்.

மின்விசிறி தயங்கி நின்றது. திரை இருண்டது. கீழே தையற்கடையில் மெஷின்களின் சத்தம் ஓய்ந்தது.

"யாருய்யா அது மாடியில? ஊசி பாதித் துணியில நிக்குதுய்யா!"

ஹமீது வந்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார்.

"சார்! என் சோதனை போச்சே! என்ன ஆச்சு?"

"சர்க்கரை இல்ல."

"சர்க்கரை இல்லையா?" அவள் எழுந்து நின்றாள். "அதுக்கு மெயினை அணைப்பாங்களா? இல்லேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா? வெல்லம் போடுறதா, வெறும் பாலைக் குடிக்கிறதா, டீயே வேண்டாம்னு விடுறதான்னு கேக்குறவ நான் முடிவு பண்ணிக்க மாட்டேனா? நீங்க யாரு எல்லாத்தையும்..."

நிறுத்திக்கொண்டாள்.

புழுக்கம் அறையில் மெல்ல ஏறியது.

வியர்த்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தெய்வானை இன்குபேட்டர் செய்கிறவரைப் போனில் அழைத்தாள்.

"ஐயா, இன்குபேட்டர்ல அதை இன்னிக்குப் போடாதீங்க. மெமரி இல்லேன்னா எல்லாத்தையும் நிறுத்தாம, கேட்ட புரோகிராம்கிட்ட சொல்ற மாதிரி மாத்தித் தர்றேன்" என்றாள்.