பனி கெட்டிப்படற வரைக்கும்

போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. நடுவுல நடுவுல ‘ம்’ சொல்லணும். இல்லேன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு பெரியம்மா பாதியில விட்டுடுவேன், சரியா?

ம்.

இமயமலையில, வீட்டுக் கூரையெல்லாம் மாசக்கணக்கா வெள்ளையாவே கிடக்கற ஒரு ஊர்ல, ஒரு அப்பாவும் பொண்ணும் இருந்தாங்க. அப்பா பேரு வேலாயுதம். தென்காசிக்காரரு. பட்டாளத்துல சேர்ந்து அந்த மலைக்குப் போனவரு, ரிட்டயரானதும் அங்கேயே ஒரு இட்லிக்கடை போட்டு உக்காந்துட்டாரு. ஆனா பேச்சு மட்டும் கடைசி வரைக்கும் தென்காசிதான். பொண்ணு பேரு பூரணி. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்குப் பனிச்சறுக்கு கத்துக்குடுக்கறது அவ வேலை.

பனிச்சறுக்குன்னா? காலுக்கு ஒண்ணா ரெண்டு நீளப் பலகைய மாட்டிக்கிட்டு, மலை மேலேர்ந்து சர்ர்ர்ருன்னு இறங்கறது.

ஊருக்கு மேல ஒரு பெரிய சரிவு இருந்துச்சு. வேலாயுதத்துக்கு அதுமேல உசிரு. ஆனா பாவம், அவருக்கு முட்டி தேஞ்சு போச்சு. “அடுத்த மாசம் ஆபரேஷன். அதுக்கப்புறம் சறுக்கறத மறந்துடுங்க”ன்னுட்டாரு டாக்டர். அப்போ அவரு என்ன நெனச்சாரு? கடைசியா ஒரு தடவை அந்தச் சரிவுல இறங்கிடணும்னு.

மறுநாள் காலையில டக், டக்குன்னு சத்தம். என்னடான்னு பூரணி பாத்தா, அப்பா சறுக்கற பூட்ஸ மாட்டிக்கிட்டு அடுப்பங்கரையில நடக்கறாரு.

“ஏட்டி, போன்ல பாரு. இன்னைக்கு முட்டியளவு பனி விழும்னு போட்டிருக்கான். கெளம்புவோமா?”

“எவ்வளவு பனின்னு மட்டும் பாத்தா போதுமாப்பா? போன்ல அதுக்குக் கீழ காத்தையும் பாருங்க. மேற்கேருந்து பேய்க்காத்து அடிக்கும்னு போட்டிருக்கு.”

“காத்து அடிச்சா என்ன? தொப்பி போட்டுக்கிடுதேன்.”

“அந்தப் பக்கத்துப் பனிய எல்லாம் காத்து அள்ளிக்கிட்டு வந்து நம்ம சரிவுலதான் கொட்டும். அடியில பழைய பனி பொடிப்பொடியா ரவை மாதிரி கிடக்கு. அதுமேல இது பாளமா உக்காரும். ரவைய கொட்டி அதுமேல தட்ட வெச்சுச் சாய்ச்சா என்ன ஆகும்?”

நீ சொல்லு, என்ன ஆகும்?

வழுக்கும்.

ஆங், வழுக்கும். மொத்த மலையும் வழுக்கிக்கிட்டு வரும். வேலாயுதம் பூட்ஸ கழட்டிட்டாரு. அன்னைக்குப் பூரா ஊஊஊன்னு காத்து, ஜன்னல் எல்லாம் படபட, வெளியில ஒண்ணுமே தெரியல.

அப்புறம் ரெண்டாம் நாள். வானம் நீலமா, வெயில் பளீர்னு. மறுபடியும் டக், டக், டக்.

“இன்னைக்கு என்ன சொல்லப் போற? காத்தும் இல்ல, மேகமும் இல்ல!”

“நான் போய்ப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் நகரக்கூடாது”ன்னு சொல்லிட்டு, பூரணி பலகைய மாட்டிக்கிட்டு கடைக்குப் பின்னாடி இருக்கற சின்ன மேட்டுக்குப் போனா. மெதுவா ஒரு கால் வெச்சா. அடியிலேருந்து ‘வொம்ப்’! மலை பெருமூச்சு விட்ட மாதிரி. அவ பலகை முனையிலேருந்து விர்ருன்னு ஒரு விரிசல் ஓடிச்சு. அவ அப்படியே திரும்பிட்டா.

“கால் வெச்சதும் அடியில ‘வொம்ப்’னு ஒரு சத்தம்பா. அந்தச் சத்தம் கேட்டா மேல விழுந்த பனி இன்னும் ஒட்டலேன்னு அர்த்தம். வெயில் வேற அடிக்குது, பனி ஈரமாகி இன்னும் கனக்கும். ரெண்டு மூணு நாள் பொறுங்க.”

“முட்டி எனக்கா உனக்கா?”ன்னு கத்திட்டு, அவரு அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

மூணாம் நாள் காலையில சத்தமே இல்ல. டக்கும் இல்ல, டிக்கும் இல்ல. பூரணி எழுந்து பாத்தா அப்பாவையும் காணோம், பலகையையும் காணோம். வெளியில, மரங்களுக்கு நடுவுல மேல ஏறிப் போற தடம். அய்யோன்னு அடிச்சுக்கிட்டு ஓடினா. மரம் முடியற இடத்துக்கு வந்து நிமிந்து பாக்கறா, அப்போதான்...

டமார்! பெரிய சரிவு குறுக்க ரெண்டா வெடிச்சுது. கடகடகடகடன்னு பாளம் பாளமா உருண்டு வந்துச்சு. உஷ்ஷ்ஷ்னு வெள்ளைப் புகை எழும்பி மலையையே மூடிடுச்சு.

“அப்பா!”

பதில் இல்ல.

“அப்பா!”

பதில் இல்ல. அவ முழங்கால் போட்டு உக்காந்துக்கிட்டு, தொண்டையில இருக்கற சத்தத்தையெல்லாம் திரட்டி, “அப்பாஆஆ!”

“ஏட்டி, எதுக்கு இந்தக் கத்து கத்துத? நான் இங்கனதான் இருக்கேன்!”

மேல, சரிவுக்கு இந்தப் பக்கம், பாறை மேல உக்காந்திருந்தாரு. மேலெல்லாம் பனித்தூள், மீசை கூட வெள்ளை. பூரணி தவழ்ந்து தவழ்ந்து ஏறிப்போய் அவரக் கட்டிக்கிட்டா. அழுதா. அப்புறம் முதுகுல ரெண்டு அடியும் வெச்சா.

“சரிவுல இறங்கணும்னுதான் வந்தேன்”ன்னாரு அவரு. “ஓரத்துல ஒரு கால் வெச்சேன். நீ சொன்னேல்லா, அந்தச் சத்தம். வெச்ச கால எடுத்துட்டேன். இந்தப் பாறையில வந்து உக்காந்து கொஞ்ச நேரத்துல அது தானா வந்துட்டு.” அவ தலையில இருந்த பனியத் தட்டிவிட்டாரு. “இனிமே உன்கிட்ட சொல்லாம வரமாட்டேன்.”

வந்த தடத்துலயே, மரத்துக்குள்ளயே இறங்கி வந்தாங்க.

அப்புறம் நல்ல குளிர். காத்தே இல்ல. மேல மிச்சம் இருந்த பனி கொஞ்சம் கொஞ்சமா உக்காந்து கெட்டியாச்சு. பூரணி தினம் போவா, மண்வெட்டியால வெட்டிப் பாப்பா, தட்டிப் பாப்பா, தலைய ஆட்டிட்டு வருவா. அப்பா ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் ஒரு காலையில அவளே வந்து, “அப்பா, பூட்ஸ மாட்டுங்க”ன்னா.

சரிவோட ஓரத்துல, உடையாம நல்லா கெட்டிப்பட்டிருந்த பக்கமா அவ முதல்ல இறங்கினா. கீழ நின்னு கையத் தூக்கினா. அவரு வந்தாரு பாரு! சர்ர்ர்... இந்தப் பக்கம். சர்ர்ர்... அந்தப் பக்கம். சின்னப் பையன் மாதிரி கத்திக்கிட்டே வந்து, கடைசியில தொப்! பொத்துன்னு உக்காந்துட்டாரு.

பூரணி ஓடினா. “முட்டியாப்பா? வலிக்குதா?”

“முட்டிக்கு ஒண்ணும் இல்லட்டி. சந்தோசம் தாங்கல, உக்காந்துட்டேன்”ன்னு சொல்லி, அவ கையப் பிடிச்சு எழுந்தாரு. “வா, போவோம். வயிறு பசிக்கி.”

அப்பாவும் பொண்ணும் பத்திரமா கீழ வந்தாச்சு, கதையும் அவங்க கூடவே இறங்கியாச்சு. நீயும் கண்ண மூடு தங்கம்.