அண்ணன் மேசை, தம்பி நாற்காலி

ஒரு சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் சேர்ந்து ஒரு குடும்பத்தைச் சிக்கலில் மாட்டிய கதை இது. முடிவில் ஒரு கேள்வி உண்டு. விடை தோன்றும்வரை கேட்டவர் எழுந்து போகக் கூடாது என்பது இதைச் சொல்பவர்கள் போடும் நிபந்தனை.

சீர்காழியில் தையல்நாயகி என்றொருத்தி இருந்தாள். அவளும் கணவர் சபாபதியும் பாதி வாழ்நாளை வாடகை வீடுகளில் கழித்தபின் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்தார்கள். கூடம் நீளமானது; பேசினால் எதிரொலித்தது. அதில் போட அவர்களிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் பிறந்த வீட்டார் சீர் கொண்டுவருவது வழக்கம். பெற்றோரை இழந்த தையல்நாயகிக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் வைத்தியலிங்கமும் தம்பி குமாரசாமியும்தான். வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் எழுந்த சண்டையால் இருவருக்கும் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவர் நுழைந்த கடைக்குள் மற்றவர் நுழைவதில்லை.

அழைக்கப் போனபோது அண்ணன் சொன்னார்: “சீர் என்ன வேணுமோ கேளு, செய்யறேன். ஆனா அவன் பொருள் இருக்கிற வீட்டுல என் பொருள் இருக்காது. அதுக்குச் சம்மதமா, சொல்லு தையலு.”

அவள் சம்மதம் என்றாள். தம்பியும் ஏறக்குறைய அதே சொற்களில் அதையே கேட்டான்; அவனிடமும் சம்மதம் என்றாள். யாரை மறுத்தாலும் அவளுக்குப் பாதிப் பிறந்த வீடுதான் மிஞ்சும். வீடு திரும்பிய பிறகே தான் சொல்லிவிட்டு வந்தது என்ன என்பது அவளுக்கு உறைத்தது.

அண்ணனிடம் கட்டிலும் தம்பியிடம் பீரோவும் கேட்டு, ஒன்றை மாடியிலும் மற்றதைக் கீழேயும் போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது என்று சபாபதி யோசனை சொன்னார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சாமான்களை ஒளித்துவிடலாம், வரும் மனிதர்களை எங்கே ஒளிப்பது? அண்ணன், தம்பி, தான் என மூவரும் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே அவள் ஆசை. அதற்கு வேண்டியதை அவள் இரண்டாகப் பிரித்துக் கேட்டாள்.

அண்ணனுடன் மயிலாடுதுறைக்குப் போனாள். அவர் கண்ணாடி பதித்த மேசையைக் காட்டினார். அவளோ கால்களை ஆட்டிப் பார்த்து, பலகையைத் தட்டிப் பார்த்து, ஆறு பேர் அமரும் தேக்கு மேசை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நாற்காலிகளும் சேர்த்து எடுக்கச் சொன்ன கடைக்காரரிடம் வேண்டாம் என்றாள். அண்ணன் பணம் கட்டப் போன நேரத்தில் மேசையின் உயரத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தம்பியுடன் சிதம்பரத்துக்குப் போய், அந்த நூலைப் பிடித்துப் பார்த்துப் பார்த்தே நாற்காலிகளைப் பொறுக்கினாள். தம்பி கேட்டான்: “மேசை இல்லாம நாற்காலி மட்டும் எதுக்குக்கா? கல்யாண மண்டபம் நடத்தப் போறியா?”

“உட்கார ஆள் வருவாங்கடா” என்றாள்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. மேசை முதலில் இறங்கியது. அண்ணன் பூவும் பழமும் வெற்றிலைபாக்கும் வைத்த தாம்பாளத்தை நீட்ட, அவள் சபையறிய வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் பந்தல்காரரோடு பேசப் பின்கட்டுக்குப் போயிருந்தபோது நாற்காலிகள் இறங்கின. தம்பியின் தாம்பாளத்தையும் அவ்வாறே வாங்கிக்கொண்டாள். பந்தி தொடங்கும்போதுதான் இருவரும் கூடத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

குடிபுகும் வீட்டில் கை நனைக்காமல் போவது ஆகாது. அதனால் இருவரும் போகவில்லை. “அவன் நாற்காலியில நான் உட்கார மாட்டேன். என் மேசையில நின்னே சாப்பிடறேன்” என்றார் அண்ணன். “அவரு மேசையில என் இலை விழாது. என் நாற்காலி போதும் எனக்கு” என்றான் தம்பி.

அப்படியே நடந்தது. அண்ணன் நின்றபடி குனிந்து சாப்பிட்டார். தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து, தட்டில் இலையை விரித்து மடியில் ஏந்திக்கொண்டான். ரசம் வேட்டியில் வழிந்தது. “ஒருத்தர் டீக்கடையில நிக்கறாரு, ஒருத்தர் ரயில்ல போறாரு” என்று யாரோ ஓர் உறவுக்காரி முணுமுணுக்க, பந்தியில் பலர் சிரிப்பை அடக்கினார்கள்.

தையல்நாயகி சிரிக்கவில்லை. மோர் வந்துவிட்டால் இருவரும் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்; மறுபடி ஒரே கூரையின்கீழ் வரமாட்டார்கள். வீட்டுக்காரி கடைசியில் சாப்பிடுவதே முறை. அவளோ ஓர் இலையை மேசைமேல் போட்டாள். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“எனக்குப் பசிக்குதுங்க. சோறு போடுங்க” என்று கணவரிடம் சொன்னாள்.

சபாபதி பரிமாறினார். தங்கை உட்கார்ந்திருக்கப் பக்கத்தில் நிற்பது அண்ணனுக்கு எப்படியோ இருந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்து அவரும் உட்கார்ந்தார். அதைப் பார்த்த தம்பி எழுந்து, நாற்காலியோடு நகர்ந்து வந்து, மேசையின் மறுகோடியில் தட்டை வைத்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மோர் வந்தது, மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

அடுக்களையில் வழக்கு எழுந்தது. உட்கார்ந்தாரே, அண்ணன்தான் சொல் தவறினார் என்றாள் ஒருத்தி. இலையை மேசையில் வைத்தானே, தம்பிதான் என்றாள் இன்னொருத்தி. இருவரிடமும் ஒரே வாக்கைக் கொடுத்து இருவரையும் ஏமாற்றியவள் தையல்நாயகி என்றாள் மூன்றாமவள். கேட்டவர்களே, அண்ணன், தம்பி, தையல்நாயகி இம்மூவரில் வாக்குத் தவறியவர் யார்? எந்த நேரத்தில் தவறினார்?

விடை: தாம்பாளம் கைமாறியதும் சீர் பெண்ணுக்குச் சொந்தம். அதன்பின் அந்தக் கூடத்தில் அண்ணன் பொருளும் இல்லை, தம்பி பொருளும் இல்லை. எல்லாம் தையல்நாயகியின் பொருள். ஆகவே அவள் வாக்கு இரண்டு பக்கமும் நின்றது. வாக்கைக் கேட்டு வாங்கியவர் நினைத்தபடியே சொல் நிற்க வேண்டும், எனவே அவளே தவறினாள் என்று முடிக்கும் ஊர்களும் உண்டு. அது அவர்கள் கட்சி. தவறியவர்கள் அண்ணன் தம்பி இருவருமே. சீர் செய்கிறேன் என்று வாக்களித்துக் கொடுத்த பிறகும் ‘என் மேசை’ என்றும் ‘என் நாற்காலி’ என்றும் சொன்ன அந்த நேரத்தில் தவறினார்கள். அவளோடு ஒன்றாக உட்கார்ந்தபோதுதான் சீரைக் கொடுத்து முடித்தார்கள்.