கஞ்சி ஹவுஸுக்கு அர்த்தம்

அந்தக் காலத்துல பட்டாளத்து லாக்கப்புக்குத் தொரைமாரு வெச்ச பேரு கஞ்சி ஹவுஸ். சலாம் போடலன்னு குதிரைக்குப் புல்லறுத்துப் போடுற ஒண்டிவீரனை அதுல அடைச்சான் கர்னல் தொரை. ஒண்டிவீரன் பொண்டாட்டி மாரக்கா, தொரை வீட்டுச் சமையக்காரி, வயிறெரிஞ்சு போய்க் கேட்டா.

"கஞ்சி எங்களுது. அது எப்ப இங்கிலீஷாச்சு தொரை?"

"கஞ்சி குடிக்கிற வீடு ஜெயிலு வீடு. அதான் அர்த்தம். நீ போறான்"ன்னான் தொரை, அரைகுறைத் தமிழ்ல.

"பொறந்ததுலேருந்து குடிக்கிறோம். எங்க சோறு ஒங்களுக்குத் தண்டனையா?"

மறுநாள் தொரைக்கு வயித்தால போச்சு. டாக்டர் கஞ்சி மட்டுந்தான்னுட்டாரு. மாரக்கா கொண்டாந்த கஞ்சிய மடக்கு மடக்குன்னு குடிச்சான். அவ வெளிய வந்து பங்களாவப் பூட்டிட்டா.

"கதவு தொற. கக்கூஸ் வெளிய இருக்கான்."

"கஞ்சி குடிச்ச வீடு ஜெயிலு வீடாச்சே தொரை. பொறுங்க, எம் புருசன் வந்து தொறப்பாரு."

ஜன்னல் வழியா விடுதலைச் சீட்டு வந்து விழுந்துச்சு. மாரக்கா அத எடுத்துக்கிட்டு மெதுவ்வ்வா நடந்தா.